கப்பலண்டிப் பொட்டலம்

வெங்கிடேஷ் வாசல் கேட்டை இரண்டு கையாலும் பிடித்துச் சாத்திக்கொண்டு நிற்பது, கூடத்தில் புருஷன் உடம்பின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த சீதாலக்ஷ்மிக்கு ஜன்னல் வழியாகத் தெரிந்தது. கேட்டுக்கு அந்தப் பக்கம் நரைத்த தலையோடு ஒரு ஆள் நின்றான். கையில் செவந்தி மாலை. உள்ளே வர அவன் முண்டவுமில்லை, திரும்பிப் போகவுமில்லை.

"யாருடா அது?" என்று குரல் கொடுத்தாள்.

வெங்கிடேஷ் அவள் கொழுந்தனின் பிள்ளை. பெற்ற பிள்ளை இல்லாத வீட்டில் இன்றைக்குக் கொள்ளி போடப் போகிறவன் அவன்தான். வேர்த்து விறுவிறுத்து உள்ளே வந்து அவள் காதருகில் குனிந்தான்.

"பெரியம்மா, நீங்க எழுந்துக்காதேங்கோ. பாண்டித்துரையாக்கும். அந்த இஞ்சிக் கிடங்கு கேஸ். போகச் சொன்னா போகமாட்டேங்கறான். போலீஸை விளிக்கட்டுமா?"

காதில் சொன்னது கூடம் முழுக்கக் கேட்டுவிட்டது. யார் முகத்திலும் ஈயாடவில்லை.

அந்தப் பேரைக் கேட்டால் கொச்சி மட்டாஞ்சேரியில் பழைய ஆட்கள் இன்றைக்கும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். தேனிப் பக்கத்திலிருந்து வந்த சுமைக்காரன். கிடங்கு முதலாளியையும் அவருடைய தாயாரையும் மூட்டை தூக்கும் கொக்கியாலேயே குத்திக் கொன்றவன். ஒரு சாமான் களவு போகவில்லை. பேப்பர்காரர்கள் மிருகம் என்று எழுதினார்கள். அந்தக் கதையை இப்போதும் இசை போட்டு செல்போனில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மற்றவர்களெல்லாம் வெளியூர்க் கொள்ளைக்காரனைத் தேடி அலைந்தபோது, சர்க்கிள் இன்ஸ்பெக்டர் நாணு மட்டும் கிழவியின் முகத்தின்மேல் போர்த்தியிருந்த துண்டையே பார்த்துக்கொண்டு நின்றாராம். "கொன்னப்புறம் வெட்கப்பட்டிருக்கான். இவ கையால தினம் சாயா வாங்கிக் குடிச்சவனாக்கும்" என்றாராம். ரிட்டயரான பிறகு அவர் டி.வி.யில் சொன்னபோதுதான் பெண்டாட்டி சீதாலக்ஷ்மிக்கே இது தெரியும்.

வீட்டில் மனுஷர் கல்லுளிமங்கன். கொலைகாரன் மனசு எப்படி வேலை செய்கிறதென்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவர், காப்பிக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்டால் பேப்பரைத் திருப்பிக்கொள்வார். சாயங்காலம் போட் ஜெட்டிப் பக்கம் நடப்பார், வருவார், சாப்பிடுவார், படுப்பார். இன்று காலையில் அதே பேப்பரோடு சாய்வு நாற்காலியில் போய்விட்டார். எப்போதும்போலப் பேசாமல் இருக்கிறார் என்றுதான் அவளும் நினைத்து, ஆறின காப்பியை இரண்டாம் முறை சுடவைத்துக்கொண்டு வந்தாள்.

அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பெண் ஸுப்ரியா விஷயம்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை. ஏழு வயசில், மூளைக் காய்ச்சலில், அப்பா ஏதோ கேஸென்று வடக்கே போயிருந்தபோது குழந்தை போயிற்று. எல்லாம் முடிந்த பிறகு வந்தார். யூனிஃபார்மைக் கழற்றினார், குளித்தார், கொஞ்சம் மோர் கேட்டார். அன்றைக்கப்புறம் அந்தப் பேர் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. குற்றவாளிக்கு எதிரே நாள்கணக்காக உட்காரத் தெரிந்தவருக்கு, பக்கத்தில் படுத்து அழுதவளிடம் ஒரு வார்த்தை கேட்கத் தெரியவில்லை. கல்நெஞ்சுக்காரர் என்று சீதாலக்ஷ்மி அப்போதே தீர்ப்பு எழுதிவிட்டாள். அதன்மேல் அப்பீல் கிடையாது.

"அவனை உள்ளே விடு," என்றாள்.

"பெரியம்மா!"

"விடுன்னா விடு. மாலையைப் போட்டுட்டுப் போகட்டும்."

பாண்டித்துரை செருப்பை கேட்டுக்கு வெளியிலேயே கழற்றிவிட்டு வந்தான். மாலையைக் காலடியில் வைத்தான். கும்பிட்டான். கூட்டம் தானாக விலகி வழி விட்டது, பயத்தில். திரும்பும்போது சீதாலக்ஷ்மியைப் பார்த்து நின்றான்.

"அம்மா, ஒரு சங்கதி கேக்கணும். கேட்டுட்டுப் போயிருவேன்."

அவள் எழுந்து வராந்தாவுக்கு வந்தாள். பின்னாலேயே வந்த வெங்கிடேஷைக் கையமர்த்தினாள்.

"அக்கரையில வைப்பின்ல ஒரு சாயாக்கடையில பாத்திரம் கழுவுறேம்மா. ஜெயில்லேர்ந்து வந்தப்புறம் இந்தத் தெரு முக்கு வரைக்கும் பல தடவை வந்திருக்கேன். ஸாரு மொகத்தைப் பாத்துக் கேக்கத் தைரியம் வரலை. காலைல கடையில சொன்னாங்க... ஸாருக்கு ஒரு பொண்ணு இருந்துச்சாம்மா?"

"ஏன் கேக்கறே?" என்றாள்.

"என்னையப் பிடிச்சப்ப அடிக்கலை, ஏசலை. எதுத்தாப்ல நாற்காலியைப் போட்டு உக்காந்துக்கிட்டாரு. ஒண்ணுமே கேக்கலை. சாயா வந்தா எனக்கும் ஒண்ணு குடுப்பாரு. மறுநாளும் அப்படித்தான். நானும் வாயத் தொறக்கலை. அப்புறம் ஒரு சாயங்காலம் அவராவே சொல்றாரு. என் மக போட் ஜெட்டியில கப்பலண்டி, நம்ம வேர்க்கடலைதாம்மா, கேட்டா, போட்டை எடுத்துடுவான், வரும்போது வாங்கித் தரேன்னுட்டு ஏறிட்டேன், வந்து பாத்தா அவ இல்லைன்னாரு. இப்பவும் போட்டுல ஏறினா ஒரு பொட்டலம் வாங்கிடறேன், திங்கறதில்லை, தூரப் போடவும் கை வரலைன்னாரு."

சீதாலக்ஷ்மி ஓரடி கிட்டே வந்தாள்.

"அதுக்கப்புறம்தான் நான் பேசினேன். ஊர்ல என் சின்னது காய்ச்சல்ல கெடக்குன்னு லீவு கேட்டேம்மா. சரக்கை எறக்கிட்டுப் போன்னாரு முதலாளி. எறக்கிட்டுப் போறதுக்குள்ள புதைச்சிட்டாங்க. திரும்பி வந்தா, ஏன்டா இத்தனை நாளுன்னு கேக்குறாரு. கொக்கி கையில இருந்துச்சு. அந்தக் கெழவி ஒண்ணும் பண்ணலை. சத்தம் கேட்டு வந்துச்சு, அவ்வளவுதான். அதுக்கு மட்டும் என்கிட்ட இன்னிவரைக்கும் பதில் கெடையாது."

"செரி. இப்போ என்ன தெரியணும் உனக்கு?"

"ஜெயில்ல ஒருத்தன் சொன்னான். போலீஸ்காரனுக்கு உன் பிள்ளை செத்தது தெரியும், அதான் தனக்கும் ஒரு பிள்ளை செத்ததாக் கதை கட்டிருக்கான், அதெல்லாம் அவங்க தொழிலுன்னான். அது அப்படியே மண்டையில பூந்துக்கிச்சும்மா. ஒரு மனுசன் எனக்காக மனசைத் தொறந்தாருன்னுதான் நான் எல்லாத்தையும் ஒத்துக்கிட்டேன். அது நெசமா, இல்லையா? அதைச் சொல்லுங்க போதும்."

"பொண்ணு இருந்தா. ஸுப்ரியா," என்றாள்.

"அந்தக் கப்பலண்டி?"

கப்பலண்டியை அவளுக்கு நன்றாகவே தெரியும். துவைக்கப் போடும்போது சட்டைப் பையிலிருந்து எத்தனை பொட்டலம் எடுத்துக் குப்பையில் வீசியிருப்பாள்! அல்சர்காரருக்குக் கப்பலண்டி ஆகுமோ, ஒளிச்சு வெச்சுத் திங்க நீங்க என்ன பச்சைக் குழந்தையா என்று எத்தனை வாங்கு வாங்கியிருப்பாள்! அவரும் திருட்டு முழி முழித்துக்கொண்டு நிற்பார். ஆனால் அந்தப் பொட்டலங்கள் பிரித்திருந்தனவா, மடித்த மடிப்பில் இருந்தனவா? அவள் பார்த்ததே இல்லை. குப்பைக்குப் போகிறதை யார் பிரித்துப் பார்த்தார்கள்?

வாய் சொல்வதை மட்டும் நம்பாதே, அதோடு பொருந்துகிற பொருள் கையில் கிடைக்கணும் என்று அவரே டி.வி.யில் சொல்லியிருக்கிறார்.

"எனக்குத் தெரியாது," என்றாள். பொய் சொல்ல மனசு வரவில்லை.

பாண்டித்துரை தலையை மெல்ல ஆட்டினான். செருப்பைப் போட்டுக்கொண்டு, சந்து முனையில் நின்றிருந்த கைவண்டியைத் தாண்டிப் போனான்.

அதற்குள் மந்திரம் சொல்ல வந்த வாத்தியார் அவசரப்படுத்தினார். வாய்க்கரிசி போட அவளைக் கூப்பிட்டார்கள். அரிசியை அந்த உதட்டில் வைக்கும்போது அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. சொல்லுங்கோ, நெஜமா, இல்லே தொழிலா? இப்பவாவது வாயைத் திறங்கோளேன் என்று மனசுக்குள்ளே கத்தினாள். அரிசி உதட்டிலிருந்து வழிந்து கழுத்துப் பக்கம் விழுந்தது.

உடம்பு தெருவைத் தாண்டினதும் பெண்டுகள் வீட்டைக் கழுவிவிட ஆரம்பித்தார்கள். சீதாலக்ஷ்மி நேரே படுக்கையறைக்குப் போனாள். முந்தாநாள் கண் டாக்டரைப் பார்க்கப் போட்டில் எர்ணாகுளம் போய்வந்தார். நீலக் கோடு போட்ட சட்டை. கதவுக்குப் பின்னால் ஆணியில்தான் மாட்டியிருந்தது. இப்போது ஆணி மட்டும் இருந்தது.

"பாக்யம்! அவர் சட்டை எங்கே?"

நாத்தனார் பாக்கியலக்ஷ்மி கிணற்றடியிலிருந்து பதில் சொன்னாள். "உடுத்தினது எல்லாத்தையும் முக்கிப் போட்டாச்சு மன்னி. வெச்சிருக்கப்படாதே!"

"பையைப் பாத்தியோ?"

"இல்லையே. ஏன் மன்னி, என்ன ஆச்சு?"

சீதாலக்ஷ்மி கிணற்றடிக்குப் போய் வாளிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள். சோப்புத் தண்ணீரில் கையை விட்டுத் துழாவினாள். வேட்டி வந்தது, துண்டு வந்தது, கடைசியில் சட்டை வந்தது. பை கனமாக இருந்தது.

பொட்டலம் அகப்பட்டது. பேப்பர் ஊறிக் கூழாகிக்கொண்டிருந்தது, ஆனாலும் கடைக்காரன் உள்ளே அழுத்தி மடித்த வாய் அப்படியே இருந்தது. நகத்தால் மெல்ல நெம்பினாள். கழுத்துவரை நிறைந்திருந்தது. கடலை ஊதித் தோல் கழன்றிருந்தது. ஒன்றுகூடக் குறையவில்லை.

"பாவி மனுஷா," என்றாள். "கொலைகாரன்கிட்ட சொல்லத் தெரிஞ்சுதே. நானும் பெத்தவதானே. எங்கிட்ட சொல்லியிருந்தா, ரெண்டு பேருமா ஒரு தடவை அழுதிருக்கலாமே!"

பாக்கியலக்ஷ்மி பயந்துபோய் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சீதாலக்ஷ்மி எழுந்து ஈரக் காலோடு வாசலுக்கு ஓடினாள். சந்தில் யாரும் இல்லை. இஞ்சி காயும் வாசனையும், முனையில் அந்தக் கைவண்டியும்தான். இந்நேரம் வைப்பினுக்கே போய்ச் சேர்ந்திருப்பான். எந்தச் சாயாக்கடை என்றுகூட அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

திரும்பி வந்து சமையலறையிலிருந்து குழந்தையின் சின்னத் தட்டைத் தேடி எடுத்தாள். கடலையை அதில் பரப்பி, பின்கட்டு மதில்மேல் வெயிலில் வைத்தாள். வைத்த கை எடுப்பதற்குள் எங்கிருந்தோ ஒரு காக்கை வந்து மதிலில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துத் தட்டைப் பார்த்தது.

விரட்டக் கையை ஓங்கியவள் பாதியில் நிறுத்தினாள்.

"உங்களுக்கில்லே," என்றாள். "குழந்தைக்காக்கும்."

காக்கை இரண்டடி தள்ளிப் போய் உட்கார்ந்தது. அவளும் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துகொண்டாள்.