செவலையின் இடக்கண்

"தாய்ப்பால்தானுங்க உட்டேன். வேற கண்டதையும் ஊத்தலைங்க."

"நாயிக்கா?"

"கண்ணு நொந்தா எங்கூட்டுல அதுதானுங்க உடுவோம்."

கால்நடை மருத்துவர் திவ்யா, மேசைமேல் நின்ற செவலை நாயின் இமையை விரலால் விலக்கினார். இரண்டு கண்களும் அத்திப்பழம்போல வீங்கியிருந்தன. வழிந்த நீர் வெள்ளையாக இருந்தது. பஞ்சில் துடைத்து முகர்ந்தார், பால் வாசம். அதைச் சீட்டில் எழுதவில்லை. கருவிழியில் புண், சொட்டு மருந்து விடாவிட்டால் பத்து நாளில் பார்வை போய்விடும் என்று மட்டும் சொன்னார். நாயைக் கொண்டுவந்திருந்த சசிரேகா தலையாட்டினாள். கண் ஆறினால் தன் மகன் போய்விடுவான் என்பதை அவள் சொல்லவில்லை. வெளியே வண்டியோடு நின்ற புருஷன் ஜீவாவும் சொல்லவில்லை.

மஞ்சக்குட்டைக்குப் பக்கத்து எஸ்டேட்டில், காபி காயப்போடும் களத்தில் அவளுக்கும் ஜீவாவுக்கும் வேலை. கார்த்திகையில் பிறந்த ஆண் குழந்தை பத்தொன்பதாம் நாள் இறந்துபோனது. முப்பதாம் நாள்தான் பேர் வைப்பதாக இருந்தார்கள். ஆகவே பேரில்லாமலே புதைத்தார்கள். பால் மட்டும் நிற்கவில்லை. மார்கழியில், பழத்தோல் உரிக்கும் எந்திரத்திலிருந்து சாறு தெறித்துக் களத்து நாய் செவலைக்கு இரண்டு கண்ணும் வீங்கின. பிள்ளைகளுக்குச் செய்வதையே அவள் நாய்க்கும் செய்தாள். கண்ணுக்கு நாலு சொட்டு. மறுநாள் காலை, பலகையால் இழுத்துச் சமப்படுத்தியிருந்த காபிக் கொட்டையின்மேல் இரண்டு சின்ன உள்ளங்கைகளும் இரண்டு முழங்கால்களும் ஊர்ந்துபோன தடம் கிடந்தது.

நாய் பார்த்த இடத்தில் மட்டுமே தடம் விழுந்தது. அது தலையைத் திருப்பினால் தடமும் திரும்பியது. வாரத்துக்கு ஒரு வயது கூடியது: முதல் வாரம் தவழ்ந்தது, இரண்டாவது வாரம் தத்தித் தத்தி நடந்தது, மூன்றாவது வாரம் ஓடியது. யாருமில்லாத இடத்தைப் பார்த்துச் செவலை வாலாட்டும். யாரோ பிடித்து இழுத்ததுபோல அதன் காது நீளும். முதல் நாள் கூடையைப் போட்டுவிட்டு ஓடிய பெண்கள் நாலாம் நாள் பழகிவிட்டார்கள். "ஏன் சசி, உம்பையன் நேத்து எம்பக்கமெல்லாம் மிதிச்சுட்டுப் போயிட்டான். நொம்ப வாலு, கண்ணு!" என்றாள் ஞானசுந்தரி. தார்ப்பாய் மூடியபிறகு மேலே ஏறக்கூடாது என்று எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் சூசைமாணிக்கம் பொதுவாகச் சொல்லிவைத்தார். ஜீவா ஒருவன்தான் தடத்தைப் பார்க்கமாட்டான். அது இருக்கும் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டே கொட்டையைக் கிளறுவான். சில சமயம் செவலை சசிரேகாவின் தோளுக்குப் பின்னால் வெறிக்கும். அவள் திரும்பமாட்டாள். கொஞ்ச நேரம் கழித்துக் குனிந்து பார்த்தால், அவள் குதிகாலுக்குப் பின்னால் இரண்டு பாதங்கள் விரல்நுனியில் எக்கி நின்ற அடையாளம் இருக்கும்.

மருத்துவரிடம் போய்வந்த அன்று வலக்கண்ணில் மருந்து விட்டாள். இடக்கண்ணுக்கு நாளைக்கு என்று சொல்லிக்கொண்டாள். மறுநாளும் அதையே சொல்லிக்கொண்டாள். ஐந்தாம் நாள் வலக்கண் தெளிந்து, களத்தின் வலப்பாதி வெறும் காபியாகிவிட்டது. இடப்பாதியில் மட்டும் தடம் ஓடியது. நடுவில் சுவர் எழுப்பியதுபோல அங்கே வந்ததும் நின்று திரும்பியது. இடக்கண்ணோ அவித்த முட்டைபோல வெளுத்துக்கொண்டே வந்தது. செவலை சோறு தின்னவில்லை. கண்ணைத் தரையில் தேய்த்துத் தேய்த்து அழுதது. பிறகு வந்து அவள் மடியில் அந்தக் கண்ணையே வைத்துக்கொண்டு படுத்தது, அவள்தான் இதைச் செய்தாள் என்று அதற்குத் தெரியாததுபோல.

ஒன்பதாம் நாள், வெயில் சாய்ந்து தார்ப்பாயை இழுக்கிற நேரத்தில், சசிரேகா களத்தின் ஓரத்தில் உட்கார்ந்து நாயின் தலையை முழங்காலுக்கு இடையில் பிடித்துக்கொண்டாள். "பொறுத்துக்கோ சாமி," என்றாள். அது நாய்க்கு மட்டும் சொன்னதல்ல. மருந்துக் குப்பியின் மூடியைத் திறந்து இமையை விலக்கினாள்.

செவலையின் இடக்கண் அவளைப் பார்க்கவில்லை. களத்துக்குள் கொட்டையைக் கூட்டிக்கொண்டிருந்த ஜீவாவைப் பார்த்தது. அவன் முதுகைக் காட்டித்தான் நின்றான். கொட்டையின்மேல் தடம் கிளம்பியது. ஓடவில்லை, ஒவ்வொரு அடியாக வைத்து அவனைச் சுற்றிப் போய், அவன் இரண்டு கால்களுக்கும் முன்னால் நின்றது. அவன் காலில் பாதி நீளம்கூட இல்லாத பாதங்கள். விரல்கள் அவன் பக்கம் இருந்தன. அவன் லுங்கியின் முழங்கால் பக்கத்தை ஏதோ கீழே இழுத்தது.

ஜீவா பலகையைக் கீழே போடவில்லை. காலையும் நகர்த்தவில்லை. குனிந்து வெகுநேரம் பார்த்தான். குப்பியின் நுனியில் ஒரு சொட்டு திரண்டு தொங்கியது. செவலை முனகியது.

"சசி," என்றான் தலை நிமிராமலே, "சித்த இரு. இன்னும் பேரே வெக்கலையே. நாளைக்குக் காலையில வெச்சர்றேன், ஒருக்காக் கூப்புட்டுக்கறேன். அப்புறம் உடு... என்ன புள்ள?"