அக்தாவ்காரர்கள் கடல் பார்க்கப் போன கதை

1.

இந்தக் கதை ஒரு பத்திரிகை ஆசிரியரின் போன் அழைப்பில் பிறந்தது. அதை ஒளிக்க விரும்பவில்லை. கோடை மலருக்காக, 'அக்தாவிலிருந்து ஒரே நாளில் போய்வர ஓர் இடம்' என்று ஒரு பக்கம் கேட்டார். கொஞ்சம் சிரிப்பாக இருந்தால் நல்லது என்றார். எங்கள் மாவட்டப் பத்திரிகையில் இருபது வருடமாகக் கல்யாண வாழ்த்து, அறுபதாம் பிறந்தநாள் வாழ்த்து, வாரம் ஒரு பத்தி என்று எழுதிக்கொண்டிருப்பவள் நான். சரி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

'நகரத்து வெக்கையிலிருந்து ஒருநாள் தப்பிக்க நினைப்பவர்களுக்கு, வடக்கே நூற்று முப்பது கிலோமீட்டரில் இருக்கும் ஃபோர்ட் ஷெவ்சென்கோ ஓர் அருமையான

அந்தச் சொல்லுக்குப் பிறகு கை நகரவில்லை. ஃபோர்ட்டுக்கு நான் ஒருநாள் பயணமாகப் போனது ஒரே முறைதான். போன வருடம் ஜூன் மாதம், ஒரு புதன்கிழமை. என் அண்ணன் எஸ்போல் இறந்து ஒன்றரை நாள் ஆகியிருந்தது. அதை அவன் மனைவிக்குச் சொல்லத்தான் போனோம்.

ஆசிரியர் கேட்டது இதை அல்ல. ஆனால் எனக்கு எழுத வருவது இது மட்டும்தான்.

2.

முதல் வரி, ஒன்று: 'திங்கட்கிழமை மாலை, கடல் நடுவே எண்ணெய் தோண்டும் மேடையில், சாப்பாட்டு வரிசையில் தட்டோடு நின்றபடியே எஸ்போல் சரிந்தான்.'

நல்ல வரி. மாரடைப்பு, வயது ஐம்பத்திரண்டு, எல்லாம் உண்மை. ஆனால் செய்தியை முதல் வரியிலேயே போட்டு உடைப்பதை எங்கள் பக்கம் ஒருவரும் மன்னிக்க மாட்டார்கள். சாவை நாங்கள் போனில் சொல்ல மாட்டோம். பெரியவர் ஒருவர் நேரில் போவார், உட்காருவார், டீ குடிப்பார். பிறகு வானத்தையும் பறவையையும் பற்றிப் பேச ஆரம்பித்து, மெல்ல மெல்லக் கீழே இறங்கி வந்து, கடைசியில்தான் பெயரைச் சொல்வார். அதுவரை ஊருக்கே தெரிந்திருந்தாலும் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது.

முதல் வரி, இரண்டு: 'அன்று கடல் அமைதியாக

(இல்லை. மண்ணை வாரி அடிக்கிற காற்று. துக்கத்துக்குப் பக்கத்தில் கடலை அமைதியாக வைப்பது எழுதுகிறவர்களின் சோம்பேறித்தனம்.)

முதல் வரி, மூன்று: 'ஐந்து மணிக்கு வண்டி வந்துவிடும்.'

இதுவே இருக்கட்டும். அன்று காலையிலிருந்து என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது இந்த ஒரு வரிதான். அண்ணனின் உடலை ஏற்றிய வண்டி மாலை ஐந்து மணிக்கு ஃபோர்ட்டில் அவன் வீட்டு வாசலில் வந்து நிற்கும். அதற்குள் அண்ணி பல்சுலுவுக்கு விஷயம் தெரிந்தாக வேண்டும். வண்டியைப் பார்த்துத்தான் அவர் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆகிவிட்டால் எங்களைப் போல் பாவிகள் கிடையாது.

3.

காரில் மூன்று பேர். ஓட்டியவன் தனாத், அண்ணனோடு அதே மேடையில் வேலை பார்த்தவன், இரண்டு நாளாகச் சவரம் செய்யாதவன். கார் டிக்கியில் அண்ணனின் வேலைப் பை இருந்தது. பக்கத்தில் ஓரின்பாய் சித்தப்பா. துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டியவர், எழுபத்தொரு வயது. எத்தனையோ வீடுகளுக்கு இந்த மாதிரிச் செய்தியைப் பக்குவமாகக் கொண்டுபோனவர் என்று பெயர் எடுத்தவர்.

"எப்படி ஆரம்பிக்கப் போறீங்க சித்தப்பா?"

"அதைத்தான் யோசிக்கிறேன். ஊரான் வீட்டுக்குச் சொல்றது வேற. இவனை நான் தோள்ல தூக்கிட்டுத் திரிஞ்சவன்." கொஞ்ச தூரம் போனதும் பின்னால் திரும்பினார். "நீதான் எழுதுறவளாச்சே. நல்லதா நாலு வாக்கியம் யோசிச்சு வை. நான் திணறினா நீ எடுத்துக்கோ."

"நான் கல்யாண வாழ்த்து எழுதுறவ சித்தப்பா!"

"வாழ்த்தா இருந்தா என்ன, இதுவா இருந்தா என்ன. ரெண்டும் வார்த்தைதானே."

"ரெண்டு பேரும் சீக்கிரம் ஒரு முடிவுக்கு வாங்க," என்றான் தனாத். "பாதி தூரம் வந்தாச்சு."

நோட்டை எடுத்தேன். எழுதினேன், அடித்தேன். 'பிரிந்தான்' நல்லதா, 'கிளம்பினான்' நல்லதா என்று யோசித்தேன். என் கூடப்பிறந்தவன் செத்ததை நான் திருத்தித் திருத்தி எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அதற்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

4.

பதினொன்றரை மணிக்குக் கதவைத் தட்டினோம். அண்ணி திறந்தார். கையில் பிரஷ், முழங்கை வரை நீலப் பெயிண்ட்.

"ஏய் சின்னப்பொண்ணு! என்ன அதிசயம், புதன்கிழமையும் அதுவுமா?"

(எனக்கு நாற்பத்தொன்று. எங்கள் வீடுகளில் மருமகள்கள் புருஷன் வீட்டாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், ஆளுக்கொரு செல்லப்பெயர் வைப்பார்கள். கல்யாணத்தன்று எனக்கு வைத்த பெயர் அது.)

"சமையக்கட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறேன். நாளைக்கு உங்க அண்ணன் வர்றாருல்ல, வந்து வாயைப் பொளக்கட்டும்."

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் தனாத்தைப் பார்த்தேன். தனாத் தன் செருப்பைப் பார்த்தான். நோட்டில் நாலு பக்கம் வாக்கியங்கள் இருந்தன. என் வாயிலிருந்து வந்தது வேறு.

"சும்மாதான் அண்ணி. கடல் பார்க்கலாம்னு வந்தோம்."

வாசகரே, அக்தாவே கடற்கரை நகரம்தான். என் சமையலறை ஜன்னலைத் திறந்தால் கடல். ஃபோர்ட்டில் இருப்பதும் அதே கடல்தான். இதைவிட மட்டமான பொய்யை என் நாற்பத்தொரு வருடத்தில் நான் சொன்னதில்லை.

"ஏன், உங்க ஊர்ல இருக்கிறது என்ன, அண்டாத் தண்ணியா?"

"இந்தப் பக்கத்துலேர்ந்து பார்த்தா நல்லா இருக்குமாம் அண்ணி. பத்திரிகையில போட்டிருந்தான்."

"அதுல எழுதுறதே நீதானடி!"

அண்ணி எங்கள் மூவரையும் ஒரு தடவை பார்த்தார். ஒரு பெரியவர், ஒரு நாத்தனார், தாடியோடு முன்பின் தெரியாத ஒருவன். குழந்தைகள் இல்லை, கையில் ஒரு பலகாரப் பொட்டலம்கூட இல்லை. பிறகு பிரஷைத் தண்ணீர் டப்பாவில் போட்டார்.

"சரி, வாங்க போவோம். இருபது வருஷமா இந்த ஊர்ல கிடக்கேன், ஒருநாள் என்னை யாரு அந்தக் கடலுக்குக் கூட்டிட்டுப் போனா? உங்க அண்ணன்கிட்ட கேட்டா, 'பதினஞ்சு நாள் அதுக்குள்ளதான் கிடக்கேன், வீட்டுக்கு வந்தும் அதையேவா பார்க்கணும்'ங்கிறாரு."

5.

கூடையில் பொரித்த ரொட்டி, கருவாடு, பிளாஸ்கில் டீ எல்லாம் எடுத்துவந்தார்.

"தம்பி, டிக்கியைத் திற."

"திறக்காதுக்கா. பூட்டு கெட்டுப்போச்சு."

"நகரு, நான் திறக்கிறேன். எங்க வண்டிக்கும் இதே வியாதிதான்."

"வேண்டாங்கா!" தனாத் கத்தியே விட்டான். அண்ணி கையை எடுத்துக்கொண்டார். கூடை என் மடிக்கு வந்தது.

தெரு முழுக்க ஜன்னல் திரைகள் அசைந்தன. ஒவ்வொரு வீட்டிலும் பெண்கள் தலையில் வெள்ளைத் துணி கட்டி, இந்த வீட்டிலிருந்து முதல் அலறல் கேட்டதும் ஓடிவரத் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கண் முன்னால் நாங்கள் நாலு பேரும் ரொட்டிக் கூடையோடு காரில் ஏறிக் கடற்கரைக்குப் போனோம்.

தண்ணீர் வருடா வருடம் பின்வாங்கிக்கொண்டிருக்கிறது. கரையிலிருந்து வெகுதூரம் நடக்க வேண்டியிருந்தது. அண்ணி செருப்பைக் கழற்றிவிட்டு முழங்கால் வரை இறங்கினார். பாவாடை நனைந்தது. குளிருது குளிருது என்று கத்திச் சிரித்தார். நான் மணி பார்த்தேன்.

"இன்னிக்கு ஒருத்தியும் போன் பண்ணல பாரு சின்னப்பொண்ணு. தினம் பத்து பேர் கூப்பிட்டு உசிரை எடுப்பாளுங்க."

விரிப்பில் உட்கார்ந்ததும் சித்தப்பா தொண்டையைச் செருமினார்.

"பல்சுலு, மகளே. ஆகாயத்துல எவ்வளவு உசரத்துல பறந்தாலும் ஒரு கழுகு..."

"மாமா, மீன் எடுங்க. முள்ளு பார்த்து."

மீன் தின்றார். மறுபடி ஆரம்பித்தார். "அந்தக் கழுகுக்கும் ஒருநாள் றெக்கை..."

"டீ ஆறிடும் மாமா. குடிங்க முதல்ல."

மூன்றாவது முறை அவர் வாயைத் திறந்ததும், "மாமா, அதோ போகுதே கப்பல், அதுல என்ன ஏத்திட்டுப் போவாங்க?" என்றார் அண்ணி. முப்பது வருடம் கிரேன் ஓட்டிய மனிதரிடம் கேட்கக் கூடாத கேள்வி. தானியக் கப்பல் எப்படி இருக்கும், இரும்புக் கப்பல் எப்படி அமிழும் என்று சித்தப்பா முக்கால் மணி நேரம் சொன்னார். நான் மணி பார்த்தேன்.

6.

(இந்த இடத்தில் பல்சுலு என்ற பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது.

எங்கள் பக்கம் பத்து வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், பெரியவர் ஒருவர் கழுகில் ஆரம்பித்தால் எங்கே போய் முடிப்பார் என்று. அண்ணிக்குத் தெரியாதா? மூன்று முறை அந்தக் கழுகைத் தரையிறங்க விடாமல் விரட்டியது தற்செயலா? அல்லது அவர் சுபாவமே அதுதானா? தன் கல்யாணத்தில் ஓதிக்கொண்டிருந்த முல்லாவையே இடைமறித்து, காற்று வருகிற பக்கம் நகர்ந்து உட்காரச் சொன்னவர் அவர். எழுதுகிறவளுக்குத் தன் பாத்திரத்தின் மனசு தெரிந்திருக்க வேண்டும் என்பார்கள். எனக்குத் தெரியவில்லை.

என் மனசு தெரியும். ஒவ்வொரு முறை அவர் குறுக்கிட்டபோதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. சொல்லாதவரை, அந்த விரிப்பின் மேல் என் அண்ணன் நாளைக்கு வீட்டுக்கு வந்து வாயைப் பிளக்கப்போகிற மனிதன். அவனை அப்படியே வைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன்.)

7.

முடிவு, ஒன்று: 'கடலைப் பார்த்தபடி நான் அண்ணியின் கையைப் பிடித்தேன். "அண்ணி, அண்ணன் கிளம்பிட்டான்," என்றேன். அவர் என் தோளில்

(பொய். நோட்டில் இருந்த வாக்கியம் வீணாகப் போகிறதே என்று எழுதிப் பார்த்தேன்.)

முடிவு, இரண்டு: 'அண்ணியே எங்கள் பக்கம் திரும்பி, "போதும் மாமா, எனக்குத் தெரியும்," என்று

(இதுவும் பொய். எனக்குச் சௌகரியமான பொய்.)

நடந்தது இதுதான். நான்கு மணிக்குக் கிளம்பினோம். தனாத் மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டினான். வீட்டில் வைத்துச் சொல்லிவிடலாம் என்று சித்தப்பா என் காதில் சொன்னார். தெருவில் திரும்பினால், வண்டி முன்னாலேயே வந்து நிற்கிறது.

எல்லா வாசலிலும் வெள்ளைத் துணி கட்டிய பெண்கள். அண்ணி இறங்கினார். பாவாடை முழங்கால் வரை ஈரம், விரல்களில் மீன் செதில். ஒருவரும் அழவில்லை, ஏனென்றால் முதலில் அலற வேண்டியவர் அவர். அவர் அலறவில்லை. வண்டியைப் பார்த்தார். பிறகு சித்தப்பா பக்கம் திரும்பினார்.

"சமையக்கட்டுல பெயிண்ட் காயல மாமா. அந்தப் பக்கமா தூக்கிட்டு வராதீங்க, துணியில ஒட்டிக்கும்."

அலறல் வெகுநேரம் கழித்து உள்ளேயிருந்து வந்தது. அதை எழுத மாட்டேன். என் கண்ணீரும் அப்போதுதான் வந்தது.

அண்ணன் செத்துப்போனான் என்று அண்ணியிடம் இன்றுவரை யாரும் வாயால் சொல்லவில்லை.

8.

போன வாரம் வருஷ நினைவு. விருந்துக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தபோது என் முதுகுக்குப் பின்னால் கேட்டது: "புருஷன் பொணம் வாசல்ல வந்து நிக்குது, இவ கடல்ல கால் நனைச்சிட்டு வந்து இறங்குறா." இன்னொரு குரல்: "தெரிஞ்சேதான் போயிருக்கா. இல்லேன்னா அந்த நேரத்துல பெயிண்ட் ஞாபகமா வரும்?" பக்கத்து வீட்டுக்காரி, அண்ணி நீட்டிய டீக் கிண்ணத்தை வாங்காமல் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அண்ணி அதைப் பார்த்தார். அந்தத் தெருவில்தான் அவர் மிச்ச காலத்தையும் வாழ வேண்டும்.

எங்கள் பத்திரிகை ஃபோர்ட்டில் வீட்டுக்கு வீடு போகிறது. அதனால்தான் எழுதத் துணிந்தேன். ஏழாம் பகுதி வரை அண்ணிக்கு அனுப்பினேன். நேற்று மத்தியானம் போன் செய்தார்.

"நாலு மணிக்குக் கிளம்பினோம்னு எழுதியிருக்க. தப்பு. நாலு இருபது. அதுக்குள்ள நீ பதினோரு தடவை மணி பார்த்த."

"அண்ணி, அப்ப உங்களுக்குத் தெரிஞ்சுதான் இருந்துச்சா?"

"தெரியும்னு எழுதினா, புருஷன் செத்தது தெரிஞ்சும் உக்காந்து மீன் தின்னவ நான். தெரியாதுன்னு எழுதினா, ஊரே சேர்ந்து ஏமாத்தின மடச்சி நான், ஏமாத்தினவ நீ. எது வேணுமோ எழுதிக்கோ. ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்குறேன் சின்னப்பொண்ணு. அதை வீணாப்போன நாள்னு எழுதிடாத."

9.

ஆகவே எழுதுகிறேன். பல்சுலுவுக்கு ஒன்றும் தெரியாது. கடல் பார்க்க வந்தோம் என்று சொல்லி அவரை அழைத்துப்போனவள் நான், சித்தப்பாவை வாய் திறக்க விடாமல் தடுத்தவளும் நான். ஃபோர்ட் பெண்கள் ஏச வேண்டுமென்றால் என்னை ஏசட்டும்.

பத்திரிகையில் இப்படித்தான் வரும். அதில் கழுகு இருக்காது, கப்பல் இருக்காது, எட்டாம் பகுதியில் வந்த போனும் இருக்காது. முழுப் பிரதி உங்கள் கையில் இருப்பது மட்டும்தான்.

நீங்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டீர்கள். அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று உங்களுக்குள் ஒரு முடிவுக்கும் வந்திருப்பீர்கள். அதை என்னிடம் சொல்ல வேண்டாம். ஆனால் என்றைக்காவது அந்த ஊர்க்காரர் யாராவது உங்களை மடக்கி, "அவளுக்குத் தெரியுமாமே?" என்று கேட்கலாம். நான் அங்கே இருக்க மாட்டேன். பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.