உக்கிராணக்காரரின் வண்டி

என் அண்ணனுக்குச் சொந்தமாக ஒரு கைக்குட்டைகூடக் கிடையாது. மூன்று மாடி வீடு இருக்கிறது, கப்பல் மாதிரி ஒரு கார் இருக்கிறது, ஊருக்கு வெளியே குடோன்கள் இருக்கின்றன. எல்லாம் கர்த்தருடையவை. அண்ணன் வெறும் உக்கிராணக்காரர். எஜமானின் சொத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்காரர். அப்படித்தான் அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொள்கிறார். நாங்களும் குடும்பத்தில் அவரை அப்படியே கூப்பிடுகிறோம், அவர் காதில் விழாமல்.

இதில் ஒரு பெரிய வசதி உண்டு. யாராவது எதையாவது கேட்டு வந்தால், "என்னுதா இருந்தா இந்த நிமிஷமே தூக்கிக் குடுத்துடுவேன். அவரோடதாச்சே!" என்று கையை மேலே காட்டிவிடலாம். மற்ற கஞ்சர்களுக்குக் கொஞ்சமாவது கூச்சம் இருக்கும். இவருக்கு அந்தச் செலவும் மிச்சம்.

நான் சலவைக்கடை நடத்துகிறேன். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் தியேட்டர் பச்சைத் துணி. என்னோடு ஆறு பெண்கள் வேலை செய்கிறார்கள். வெந்நீரில் துவைத்து, இஸ்திரி போட்டு, கட்டு கட்டி, தினமும் பகல் பன்னிரண்டுக்குள் ஆஸ்பத்திரி ஸ்டோரில் இறக்க வேண்டும். புதன்கிழமை என் வண்டியின் இன்ஜின் கைவிட்டது. வியாழனும் வெள்ளியும் வாடகை வண்டிக்காரர்கள் காலை வாரிவிட்டார்கள். இரண்டு நாளும் துணி போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று. ஸ்டோர் அம்மா நல்லவர்தான், ஆனாலும் கறாராகச் சொல்லிவிட்டார்.

"நாளைக்குப் பன்னெண்டுக்கு வரலைன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவோம்மா. டாக்டருங்க என் கழுத்துல உக்காந்திருக்காங்க."

அந்த ஆஸ்பத்திரி போனால் நான் கடையை மூட வேண்டியதுதான். எனக்கு வேறு பெரிய வாடிக்கை இல்லை.

அண்ணன் வீட்டு ஷெட்டில் ஒரு வேன் நிற்கிறது. சபை ஊழியத்துக்கென்று இரண்டு வருடத்துக்கு முன்பு வாங்கியது. எந்த ஊழியம் என்று இதுவரை யாருக்கும் தெரியாது. உறை போட்டுப் பூட்டி வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெட்கத்தை விட்டுப் போய்க் கேட்டேன்.

"ஒரே ஒரு நாளைக்குப் போதும்ணா. டீசல் நானே போட்டுக்கறேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "நான் ஜெபிக்கணும்மா. அவர் சரின்னு சொன்னா நான் யாரு குறுக்க நிக்க? நாளைக்குக் காலைல கிளாஸுக்கு வா. பதில் சொல்றேன்."

சனிக்கிழமைதோறும் வீட்டுக் கூடத்தில் அவர் வகுப்பு எடுக்கிறார். உண்மையுள்ள உக்கிராணத்துவம், மொத்தம் எட்டுப் பாடங்கள். என் ஆறு பெண்களும் துணிக்கட்டுகளைக் கடை வாசலில் அடுக்கிவிட்டு வழி பார்த்துக்கொண்டிருக்க, நான் ஏசி குளிரில் பதினோரு பேரோடு உட்கார்ந்திருந்தேன். எல்லோர் மடியிலும் தோல் அட்டை போட்ட நோட்டு. வாசலில் அவர்கள் வந்த கார்கள் ஏழு.

அன்றைய பாடம், எஜமான் கொடுத்த தாலந்துப் பணத்தைத் தொழிலில் போட்டுப் பெருக்காமல் மண்ணைத் தோண்டிப் புதைத்து வைத்த பைபிள் கதை ஆளைப் பற்றியது. அண்ணன் அவனைக் கிழிகிழியென்று கிழித்தார். சோம்பேறி என்றார், கோழை என்றார், கொடுத்தவரின் மனசு தெரியாத ஜென்மம் என்றார். எனக்கே அவன்மேல் பரிதாபம் வந்துவிட்டது. பிறகு என் பக்கம் கையை நீட்டினார்.

"இதோ என் தங்கச்சி. ஒத்தை வண்டியை நம்பித் தொழில் பண்ணினா என்ன ஆகும்னு பாருங்க. ஞானம் இல்லாம மாடா உழைச்சு என்ன பிரயோஜனம்?"

பதினோரு பேரும் எழுதிக்கொண்டார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"வண்டி என்னாச்சுண்ணா? மணி பத்தரை ஆகுது."

"ராத்திரி பூரா ஜெபிச்சேன்மா. உள்ளத்துல சமாதானம் வரல. அவர் சரின்னு சொல்லலை."

அப்போதுதான் அண்ணி டீ கொண்டுவந்தார். கல்யாணமாகி வந்த இருபத்தாறு வருடத்தில், அண்ணன் நடத்தும் கூட்டத்தில் அண்ணி வாய் திறந்து நான் பார்த்ததில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு, கையில் இருந்த சாவியை என் மடியில் போட்டார்.

"நானும் ஜெபிச்சேன். எனக்கு வந்துடுச்சு. நீ எடுத்துட்டுப் போ."

அண்ணன் துள்ளி எழுந்தார். "யாரைக் கேட்டு என் வண்டிச் சாவியை எடுத்தே?"

கர்த்தருடைய வண்டி ஒரு நொடியில் அண்ணனுடையதாகிவிட்டதை எல்லோரும் கேட்டார்கள். அதை மட்டும் யாரும் நோட்டில் எழுதவில்லை.

ஷெட்டுக்குப் போய் நானும் அண்ணியும் உறையை உருவினோம். அண்ணன் பின்னாலேயே வந்தார். வண்டி பளபளவென்று இருந்தது. வாரம் தவறாமல் அண்ணன் தன் கையாலேயே துடைப்பாராம். சாவியைத் திருப்பினேன். ஒரு முனகல்கூட இல்லை. பானெட்டைத் தூக்கினால், எலி ஒயரையெல்லாம் கடித்துக் குதறி, கூடு கட்டி, குட்டியும் போட்டிருந்தது. நான்கு டயரும் தரையோடு பிதுங்கிக் கிடந்தன. வண்டி ஓடியிருந்தது மொத்தம் முப்பத்தெட்டு கிலோமீட்டர். வாங்கிய இடத்திலிருந்து வீடு வரைக்கும்.

"ஒரு நாளாவது ஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களாண்ணா?"

"ஓட்டினா தேய்மானம் ஆகுமே. அவரோட பொருளை நான் எப்படித் தேய்ப்பேன்?"

மனதாரத்தான் சொன்னார். தாலந்தைப் புதைத்தவனாவது வாங்கியதை அப்படியே தோண்டி எடுத்து வந்து நீட்டினான். இவர் எலிக்குப் பிரசவ ஆஸ்பத்திரி வைத்திருக்கிறார்.

பதினோரு பேரும் டீக் கோப்பையோடு ஷெட்டுக்கு வந்துவிட்டார்கள். பானெட்டின்மேல் கைவைத்து ஜெபிக்கலாமா என்று ஒருவர் கேட்டார். நான் வாசலைக் காட்டினேன்.

"ரெண்டு கார் குடுங்க, போதும். ரெண்டே நடை. துவைச்ச துணிதான், ஒரு பொட்டு அழுக்கு ஒட்டாது."

ஒருவருக்கு சீட் உறை புதுசு. ஒருவர் மனைவியைக் கூட்டிவரப் போக வேண்டும். இன்னொருவர், படித்த மனிதர், ஆஸ்பத்திரித் துணி என்றால் கிருமி இருக்குமே என்று இழுத்தார். மற்றவர்கள் வீட்டுக்குப் போய் எனக்காக ஜெபிப்பதாக வாக்குக் கொடுத்தார்கள். அண்ணனின் கார் சாவி அவர் பாக்கெட்டில் இருந்தது. கையும் அதற்குள்ளேயே இருந்தது. கர்த்தருக்கு இத்தனை வண்டிகள் இருந்தும், அவசரத்துக்கு ஒன்றுகூட அவருக்குக் கிடைப்பதில்லை.

நான் போனில் வாடகை வண்டிக்காரர்களை ஒவ்வொருவராகக் கெஞ்சினேன். கடைசியில், பன்னிரண்டரை ஆனபோது, ஒருவர் ஒரு மணிக்கு வருவதாகச் சொன்னார். ஸ்டோர் அம்மாவைக் கூப்பிட்டு இன்னும் ஒரு மணி நேரம் மட்டும் கேட்டேன்.

"எனக்கும் மனசு கஷ்டமாத்தான்மா இருக்கு. பன்னெண்டு ஆகியும் நீ வரலைன்னு வேற ஆளுக்குச் சொல்லிட்டேன். அவங்க துணி வந்து எறங்கிடுச்சு."

போனை வைத்ததும் என் முகத்தைப் பார்த்தே அண்ணனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவர் முகம் தெளிந்தது.

"இப்பத்தான் விளங்குது! சமாதானம் ஏன் வரலைன்னு. வண்டி ஓடாதுன்னு அவருக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. ஸ்தோத்திரம்!"

பதினோரு பேரும் ஆமென் என்றார்கள். இரண்டு பேர் நோட்டைத் திறந்தார்கள்.

எனக்கு அழுகைகூட வரவில்லை. ஆறு பெண்களின் முகத்தில் எப்படி விழிப்பது என்று யோசித்துக்கொண்டே தெருவில் இறங்கினேன்.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அண்ணி ஓடி வந்தார். கையில் ஒரு துணிப்பை, மூச்சு வாங்கியது.

"அந்த வீட்டுல இனிமே என்னால முடியாதும்மா. உன் கடைல இஸ்திரி போடவாவது எனக்கு ஒரு வேலை இருக்குமா?"

"இல்ல அண்ணி," என்றேன். "காலைல கேட்டிருந்தா இருந்திருக்கும்."