புறொக்டர் வீட்டு ஸ்டூடபேக்கர்

ஒஸ்லோக் கோயில் சாப்பாட்டு மண்டபத்தில் பாயாசக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோகராணி அதைக் கேட்டபோது, சிறிதேவிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது.

"உங்கட மாமனார் ஊரிலை அமெரிக்கன் கார் வைச்சிருந்தவராமே. நீங்கள் ஒரு நாளும் சொல்லேல்லை."

மாமனார் தம்பிமுத்து வைத்திருந்தது ஒரு ரலி சைக்கிள். அதுவும் புறொக்டர் நாகநாதன் வீட்டு மூத்த பையன் ஓடிச் சலித்து, செயின் கழன்று, கோடிப்புறத்தில் கிடந்ததை எடுத்துக் கொடுத்தது. கோட்டில் வழக்குப் பார்க்கும் புறொக்டரான அந்த நாகநாதன் சிறிதேவியின் அப்பா. அமெரிக்கன் கார் அவருடையது. தம்பிமுத்து அந்தக் காரின் ட்ரைவர். ட்ரைவருடைய மகன் வரதராசாவைத்தான் சிறிதேவி கட்டியிருக்கிறாள் என்பது ஒஸ்லோவில் அவர்கள் இருவரையும் தவிர ஒருவருக்கும் தெரியாது. பதினெட்டு வருடமாக அவள் அதை வாயைத் திறந்து சொன்னதில்லை. சொன்னால் குறைவது அவனுடைய மரியாதையா தன்னுடையதா என்று அவளுக்கே நிச்சயமில்லாததால், பேசாமல் இருப்பதே நல்லதென்று இருந்துவிட்டாள். அந்த மௌனத்தைத்தான் மனுஷன் இப்போது காசாக்கியிருக்கிறான்.

"கொம்பியூட்டரிலை படமும் போட்டிருக்கினம்," என்றாள் யோகராணி. அவளுடைய குரலில் ஒரு புது மரியாதை இருந்தது. அதுதான் சிறிதேவிக்குத் தாங்கவில்லை.

ஹவுகெட்டோவிலிருந்த வீட்டுக்குத் திரும்பி வந்ததும் மகள் சோபிகாவிடம் அந்தப் பக்கத்தைத் திறக்கச் சொன்னாள். மறந்துபோன அமெரிக்கக் கார்களுக்கென்று ஒஸ்லோவில் ஒரு சங்கம் இருந்தது. வரதராசா நாலு வருடமாக அதில் உறுப்பினன். அங்கத்தவர்கள் தங்கள் காரைப் பற்றிய ஞாபகத்தை எழுதிப் படத்தோடு போட வேண்டுமாம். நல்லதென்று தேர்ந்தெடுப்பது சங்கத்தின் சஞ்சிகைக்கு அட்டைப்படமாகப் போகுமாம். 'என் அப்பாவின் கார்' என்ற தலைப்புக்குக் கீழே, ஸ்டூடபேக்கர் லார்க்கின் கதவில் கை வைத்தபடி, வெள்ளைச் சேட்டும் வேட்டியுமாகத் தம்பிமுத்து நின்றார். அது சிறிதேவியின் அல்பத்தில் இருக்கும் படம். கொழும்பு லொட்ஜ் அறையிலிருந்து அவள் கொண்டுவந்த நாலே நாலு படங்களில் ஒன்று. அந்தப் படத்தின் நடுவில் நின்றவர் அவளுடைய அப்பா. தம்பிமுத்து ஓரத்தில் ஒதுங்கி நின்றவர். இப்போது ஓரம் நடுவாகிவிட்டது, அப்பாவைக் காணவில்லை.

"அம்மப்பா நிண்ட பக்கம் ஈரம் பட்டுக் கறுத்துப்போச்சு அம்மா," என்றாள் சோபிகா. "அதாலை வெட்டினனாங்கள். அப்பா சொல்லச் சொல்ல நான்தான் எழுதினனான். வடிவா இருக்கெல்லே?"

ஈரம் பட்டதென்னவோ உண்மைதான். ஆனாலும் ஈரத்துக்கு எந்தப் பக்கம் படவேண்டுமென்று தெரிந்திருக்கிறதே என்று அவளுக்கு வயிறெரிந்தது. வீடு எண்பத்தேழில் ஷெல்லோடு போனது. கார் அதற்கும் முன்னரே போனது. அப்பா கொழும்பில், வெள்ளவத்தை லொட்ஜில், நாலு பேர் தூக்க ஆளில்லாமல் போனார். அடுத்த வருடம் நோர்வேயிலிருந்து வரதராசாவின் சம்பந்தம் வந்தபோது, "தம்பிமுத்துவின்ரை மகனோ?" என்று கேட்டுவிட்டு அம்மா இரண்டு நாள் அழுதார். மூன்றாம் நாள் சாதகத்தை எடுத்துக் கொடுத்தார். நோர்வேயின் வடகோடியில், பாட்ஸ்பியோர்டில் மீன் வெட்டிக்கொண்டிருந்தவனுக்கு வந்து வாழ்க்கைப்பட்டவளுக்கு மிஞ்சியிருந்தது, அப்பாவிடம் கார் இருந்தது என்ற ஒரு நினைப்புத்தான். அதையும் ட்ரைவர் வீட்டில் எடுத்துக்கொண்டால் பிறகு அவளிடம் என்ன இருக்கிறது?

அற்பனுக்குப் பவிசு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்று அம்மா அடிக்கடி சொல்வார். இவன் பட்டப்பகலில், புதன்கிழமைக்குப் புதன்கிழமை, கார்க்காரர் கூடும் எக்கபேர்க் புல்வெளியில் பிடிக்கிறான். அந்தப் புதன்கிழமை சிறிதேவி தான் வேலை செய்யும் முதியோர் நேர்சிங் ஹோமில் லீவு சொல்லிவிட்டு ட்ராம் ஏறினாள். அத்தனை வெள்ளைக்காரருக்கும் முன்னால் உண்மையைச் சொல்லி, அப்பாவை அவருடைய காருக்குப் பக்கத்தில் திரும்ப நிறுத்திவிட்டுத்தான் வருவதென்று முடிவு.

வெயில் நன்றாக இருந்த பின்னேரம். புல்வெளியின் முன்வரிசையில் மஸ்டாங்குகளும் கடிலாக்குகளும் மின்னிக்கொண்டு நின்றன. அவற்றைச் சுற்றித்தான் சனம். மறந்துபோனவர்களின் சங்கத்தைத் தேடிக் கண்டுபிடிக்க அவளுக்குக் கால் மணித்தியாலம் எடுத்தது. கடைசி மூலையில், கழிப்பறை வண்டிலுக்குப் பக்கத்தில், எட்டுக் கார்கள். புதிதாக வந்த காலத்திலேயே ஒருவரும் திரும்பிப் பார்க்காத கார்கள். பெயரைச் சொன்னால் அமெரிக்காக்காரனே விழிப்பான். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மடக்குக் கதிரை போட்டு, வயிறு தள்ளிய ஒரு ஆள், கையில் சொசேஜ். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். காக்கையாவது குஞ்சை வளர்த்துப் பறக்கவிடும். இவர்கள் செத்த குஞ்சைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஞாபகங்கள் வேறு. காது கொடுத்துக் கேட்க முடியவில்லை. ஒருவனுடைய தகப்பன், மலிவாகக் கிடைத்ததென்று ஒரு ராம்ப்ளர் வாங்கினாராம், ஊரே சிரித்ததாம், பின்சீற்றில் கன்றுக்குட்டியை ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போனாராம். இதைச் சொல்லும்போது அறுபது வயது ஆளுக்குக் கண் கலங்குகிறது. இன்னொருத்தி காரின் முன்தட்டில் சாமான் வைக்கும் சின்ன லாச்சியைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்த்தாள். அவளுடைய பாட்டியின் கற்பூர மிட்டாய் வாசம் இன்னும் இருக்கிறதாம். வந்து நின்றவர்களையும் கூப்பிட்டு மோக்கச் சொன்னாள். அந்தப் பாட்டி உயிரோடு இருந்தபோது இவள் எத்தனை தரம் போய்ப் பார்த்திருப்பாள் என்று சிறிதேவிக்குக் கேட்க வேண்டும் போலிருந்தது. அப்படிப்பட்ட பாட்டிகளைத்தான் அவள் பன்னிரண்டு வருடமாகக் குளிப்பாட்டித் தலை வாரிவிடுகிறாள். நத்தார்ப் பண்டிகைக்கு ஒருக்கால் வந்து பூ வைத்துவிட்டுப் போகிற பிள்ளைகள், லாச்சியை மட்டும் வருடம் முழுவதும் மோந்துகொண்டிருக்கிறார்கள்.

வரதராசா கடைசிக் காருக்கு முன்னால் நின்றான். கடும் பச்சை நிறத்தில் இன்னொரு ஸ்டூடபேக்கர் லார்க். ஹமாருக்குப் பக்கத்தில் ஒரு விதவையின் கொட்டிலில் கறள் பிடித்துக் கிடந்ததை வாங்கி, குரோருட்டில் வாடகைக் கராஜில் வைத்து, பஸ் ஓடி முடிந்த நேரமெல்லாம் அதன் காலடியிலேயே கிடந்து எழுப்பியிருந்தான். அவள் அதை ஒரு நாளும் போய்ப் பார்த்ததில்லை. பஸ் ட்ரைவரின் பொழுதுபோக்கைப் பார்க்கவா அவள் பிறந்தாள்? வீட்டில் பத்து வார்த்தை பேசாத மனுஷன் இங்கே நோர்வே மொழியில் வாய் ஓயாமல் கதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் பொலிஷ் துணி பிடித்த கை அப்படியே நின்றது.

சங்கத் தலைவர் ஹால்வார் ஓய்வுபெற்ற தபால்காரர். வரதராசாவின் மனைவி என்று அறிந்ததும் இரண்டு கையாலும் அவளுடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். கார்க் கண்ணாடியில் சாத்தியிருந்த அட்டையைக் காட்டி, இந்த வருடத்தின் மிகச் சிறந்த கதை இதுதான் என்றார். அட்டையில் அதே படம், அதே தலைப்பு. சிறிதேவி கையை இழுத்துக்கொண்டாள். காது கேளாத கிழவர்களோடு பேசிப் பழகிய உரத்த நோர்வே மொழியில், எட்டுக் காருக்கும் கேட்கச் சொன்னாள்.

"படத்தில் இருப்பது இவருடைய அப்பாவின் கார் இல்லை. என்னுடைய அப்பாவின் கார். இவருடைய அப்பா எங்களிடம் சம்பளத்துக்கு நின்ற ட்ரைவர்."

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். ஊரில் இந்த ஒரு வசனம் போதும், ஒரு குடும்பம் மூன்று தலைமுறைக்குத் தலை நிமிராது. வரதராசா நிலத்தைப் பார்த்தான். சொசேஜ்கள் வாய்க்குப் போகாமல் நின்றன. ஹால்வார் அவளைப் பார்த்தார், பிறகு அவனைப் பார்த்தார். மெல்ல மெல்ல அவருடைய முகம் மலர்ந்தது.

"எத்தனை வருடம் ஓட்டினார்?" என்று வரதராசாவிடம் கேட்டார்.

"இருபத்திரண்டு."

தபால்காரர் விசிலடித்தார். கன்றுக்குட்டிக்காரன் கதிரையை விட்டு எழுந்து வந்தான். லாச்சிக்காரி வந்தாள். அந்தக் கேடுகெட்ட கூட்டத்துக்கு வெட்கம் என்றால் என்னவென்றே விளங்கவில்லை. காரின் சொந்தக்காரருடைய மகள் என்றதும் எல்லோரும் சிறிதேவியைச் சூழ்ந்துகொண்டார்கள். ஆறு சிலிண்டரா எட்டா? சீற்றுக்கு என்ன துணி? கதவு சாத்தும்போது எப்படிச் சத்தம் கேட்கும்? ஒவ்வொரு கேள்விக்கும் வரதராசா, அவளுக்கு உதவி செய்கிறவன் போலத் தாழ்ந்த குரலில் பதில் சொன்னான். ஆறு. சிவப்பு ரெக்சீன், மழைக்காலத்தில் முதுகில் ஒட்டும். பின்கதவைச் சற்றுத் தூக்கித்தான் சாத்த வேண்டும். எரிச்சலோடு அவள், நிறம் மட்டும் நல்ல ஞாபகம், கறுப்பு, பளபளவென்ற கறுப்பு என்றாள்.

வரதராசா தமிழுக்கு மாறினான்.

"கடும் பச்சை. படத்திலைதான் கறுப்பு."

அவள் திரும்பி முன்னால் நின்ற காரைப் பார்த்தாள். மாமரத்து முற்றிய இலையின் பச்சை. போர்ட்டிக்கோ, கதவு, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிய படி எல்லாம் ஞாபகத்தில் இருந்தன. நிறத்தைத் தேடித் தேடிப் பார்த்தாள். பதினெட்டு வருடம் ஒரு சிறிய படத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததில் அவளுடைய கார் எப்போதோ கறுப்பாகிவிட்டிருந்தது. அவன் பொய் சொல்கிறான் என்று சொல்லலாம். யார் வந்து சாட்சி சொல்லப்போகிறார்கள்? ஆனால் அவன் பொய் சொல்லவில்லையென்று அவளுக்குத் தெரிந்தது. அதற்காகவே அவனை வெறுத்தாள்.

"இந்தப் பச்சையைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருசம் எடுத்தது," என்றான் அவன். "நீர் ஒருக்கால் வந்து பார்ப்பீர் எண்டு நினைச்சனான்."

லாச்சிக்காரி குறுக்கே வந்து, உங்கள் அப்பா இதை எங்கேயெல்லாம் ஓட்டிக்கொண்டு போவார் என்று கேட்டாள். கடைசியில் சொல்லக்கூடிய ஒன்று கிடைத்த நிம்மதியில் சிறிதேவி நிமிர்ந்து நின்றாள். அப்பாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது, அவருக்கு அதற்கான தேவை ஒரு நாளும் இருக்கவில்லை என்றாள். புறொக்டர் என்றால் யார், அவருக்கு முன்னால் எத்தனை பேர் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்கள் என்று விளக்குவதற்கு அவள் வாயெடுத்தாள். அதற்குள் அந்தப் பெண் தலையைச் சரித்து, நேர்சிங் ஹோமில் சாகக் கிடக்கிறவர்களைப் பார்க்கும் அதே முகத்தோடு சொன்னாள்.

"ஐயோ பாவம். இப்படியொரு காரை வைத்துக்கொண்டு, ஒரு தடவைகூடவா?"

மற்றவர்களும் பாவம் பாவமென்று தலையசைத்தார்கள். புறொக்டர் நாகநாதனை, தபால்காரனும் கன்றுக்குட்டிக்காரனும் சேர்ந்து கழிப்பறை வண்டிலுக்குப் பக்கத்தில் நின்று பரிதாபப்பட்டார்கள். அவர் செத்தபோதுகூட இத்தனை பேர் பரிதாபப்படவில்லை. ஹால்வார் சட்டைப்பையிலிருந்து தடித்த பேனையை எடுத்துக்கொண்டு அட்டைக்கு முன்னால் குனிந்தார். 'என் அப்பாவின் கார்' என்பதை வெட்டிவிட்டு, 'என் அப்பா இருபத்திரண்டு வருடம் ஓட்டிய கார்' என்று எழுதினார். இப்போது கதை இன்னும் நன்றாக இருக்கிறது, அட்டைப்படம் இதற்குத்தான் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். ஒருவன் சிறிதேவிக்கு ஒரு சொசேஜைக் கொண்டுவந்து நீட்டினான். அவள் ஆட்டிறைச்சிகூடத் தொடாதவள்.

"சொல்லவேண்டினதைச் சொல்லியாச்சுதானே," என்றான் வரதராசா. "வாரும், வீட்டை போவம்."

"என்ரை அப்பாவை ஏன் வெட்டினனீங்கள்?"

அவன் துணியை மடித்தான். மடித்ததை இன்னொரு தரம் மடித்தான்.

"என்ரை ஐயா செத்தபிறகு அவரின்ரை முகம் இருக்கிற படம் எங்களிட்டை ஒண்டுகூட இல்லை. அந்த ஒரு படந்தான். அதிலையும் உங்கட அப்பாவின்ரை குடையை அவரின்ரை கையிலை குடுத்திருந்தவை. அதைத்தான் வெட்டினனான். உங்கட அப்பா அதோடை சேந்து போயிட்டார்."

பதினெட்டு வருடத்தில் அவன் அவளிடம் ஒரே மூச்சில் இவ்வளவு கதைத்ததில்லை. மனைவியிடம் 'உம்மட' என்று தொடங்குபவன் முதலாளி வீட்டாரிடம் பேசுவதைப் போல 'உங்கட' என்கிறானே என்று அவள் கவனிப்பதற்குள், அவன் காரின் பக்கம் போய்ப் பின்கதவைத் திறந்து, கைப்பிடியில் கையை வைத்தபடி ஒதுங்கி நின்றான்.

"ஏறுங்கோ."

கோபமா, கேலியா, பழக்கமா என்று அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சங்கத்து ஆட்கள் இதையும் ஒரு காட்சியாக நினைத்து கமராவைத் தூக்கினார்கள். முன்கதவைத் தானே திறந்து ஏறிக்கொண்டால் போதும் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் கால் பின்கதவுக்குத்தான் போனது. பாவாடையை ஒதுக்கிக்கொள்கிறவள் போலச் சேலையை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டு குனிந்து ஏறினாள். அவன் கதவைச் சற்றுத் தூக்கிச் சாத்தினான்.

கார் புல்வெளியைத் தாண்டித் தெருவில் ஏறி, ஹவுகெட்டோப் பக்கம் இறங்கியது. அவளுக்கு முன்னால் வரதராசாவின் பிடரி இருந்தது. காலருக்கு மேலே நரைத்த குட்டை மயிர், வெயிலில் கறுத்த தோல், குறுக்கே இரண்டு மடிப்பு. அவளுக்கு அது நன்றாகத் தெரிந்த பிடரி. ஐந்து வயதில், எட்டு வயதில், கொன்வென்டுக்குப் போகும்போதும் வரும்போதும், எந்நேரமும் கண்ணுக்கு நேரே இருந்தது. அந்தக் காரைப் பற்றி யாராவது அவளிடம் சரியாகக் கேட்டிருந்தால், இதைச் சொல்லியிருப்பாள்.

ஸ்டேஷனுக்கு முன்னால் தெரிந்த தமிழ்ச் சனம் நிற்கும் நேரம். பின்சீற்றில் தனியாக இப்படி இருந்துகொண்டு போனால் என்ன நினைப்பார்கள்? அதற்கு முன்னாலேயே இறங்கிவிட வேண்டும். நிறுத்தச் சொல்வதற்காக வாயைத் திறந்தாள். நாக்கின் நுனிக்கு வந்து நின்றது வரதராசாவைக் கூப்பிடும் 'இஞ்சருங்கோ' அல்ல. 'தம்பிமுத்து, நிப்பாட்டு' என்ற ஐந்து வயதுக் குரல். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

சிவப்பு விளக்கில் கார் நின்றது. முன்னால் இருந்த பிடரி, பின்னாலிருந்து ஒரு சத்தம் வரும் என்று காத்திருப்பதைப் போல, ஒரு பக்கமாகச் சற்றுச் சரிந்தது.