அவள் மேசையில் மட்டும்

என் மேசையில் அந்தச் சிப் வாயைத் திறக்கவில்லை. என் மனைவியின் மேசையில் மட்டும் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னது.

நாங்கள் இருவரும் ஒரே கம்பெனியில், ஒரே அறையில், முதுகோடு முதுகாக உட்கார்ந்து வேலை பார்க்கிறோம். சக்கர நாற்காலிகளுக்கு பேட்டரி செய்கிற கம்பெனி. பேட்டரி அளவுக்கு மேல் சார்ஜ் ஆகாமலும் அடியோடு வற்றிப்போகாமலும் காவல் காப்பது, பேட்டரியில் மாட்டும் போர்டிலுள்ள அந்தச் சிப். எங்கே தடுக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டரிலிருந்து அதற்குள் எழுத வேண்டும். அது முதலில் "இருக்கிறேன்" என்று சொன்னால்தானே எழுத முடியும்?

நான் வயரை மாற்றினேன். சால்டரிங்கை எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். புரோகிராமை வரி வரியாக மேய்ந்தேன். திரையில் ஒரே செய்தி: பதில் இல்லை. முதுகுக்குப் பின்னால் அவளுடைய கம்ப்யூட்டர், பதில் வந்ததென்று போர்டுக்குப் போர்டு 'டிங்' என்றது.

அவள் மேசையைப் பார்க்க வேண்டுமே! கோப்பை மேல் கோப்பை, சிக்கு விழுந்த வயர்கள், நடுவில் ஒரு ஹேர் கிளிப். என் மேசையில் ஒரு ஸ்க்ரூ இடம் மாறினாலும் எனக்குத் தெரியும். பேட்டரியை சார்ஜ் செய்து முடித்ததும் சார்ஜரைக் கழற்றி, வயரைச் சுற்றி, டிராயரில் வைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை. இப்படிப்பட்ட என்னிடம் முகம் கொடுக்காத சிப் அவளிடம் கொஞ்சிக் குலாவினால் யாருக்குத்தான் பற்றி எரியாது?

முதலாளி வந்தார். "நாளைக்கு கஸ்டமர் ஆபீஸ்ல, அவங்க கண்ணு முன்னாடி புது போர்டு ஒண்ண புரோகிராம் பண்ணிக் காட்டணும். யாருக்கு வேலை செய்யுதோ அவங்க போகட்டும். ஆர்டர் கிடைச்சா டீம் லீடரும் அவங்கதான்" என்றார். என்னைப் பார்க்கவே இல்லை. அந்தப் பதவிக்கு நான் காத்துக் கிடப்பது அறையின் சுவருக்குக்கூடத் தெரியும்.

"சரி சார், நான் போறேன்" என்றாள் அவள், சட்டென்று. ஒரு பேச்சுக்காவது "அவரும் வரட்டுமே" என்று சொல்லியிருக்கலாம்.

சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் கீழே போனதும், திருட்டுப் பூனை மாதிரி அவள் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். புது போர்டு ஒன்றை மாட்டினேன். டிங். கை தன்பாட்டுக்கு மேசையை ஒழுங்குபடுத்தத் தொடங்கியது. குப்பைக்கு நடுவே பேட்டரியில் செருகியபடியே கிடந்த சார்ஜரைக் கழற்றிச் சுற்றி வைத்தேன். அடுத்த புது போர்டு: பதில் இல்லை. சார்ஜரை மறுபடி செருகினேன். டிங்.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. சிப் ஃபேக்டரியிலிருந்து வரும்போதே தூங்கிக்கொண்டு வருகிறது. சார்ஜரின் மின்சாரம் பட்டால்தான் கண் விழிக்கும். நான் ஒழுங்காக இருந்து தோற்றேன், அவள் சோம்பலால் ஜெயித்தாள்! நிச்சயம் அவளுக்குக் காரணம் தெரியாது. நாளை சார்ஜர் இல்லாமல் போய் நிற்பாள், அத்தனை பேர் முன்னால் முழிப்பாள். நினைக்கவே இனித்தது.

"என்ன, வாயெல்லாம் பல்லா இருக்கு?" என்று அன்று மாலை வீட்டில் கேட்டாள்.

"ஒண்ணுமில்லையே" என்றேன்.

மறுநாள் காலை கம்பெனி வாசலில் கார் வந்து நின்றது. அவள் பையோடு கீழே போனாள். ஜன்னல் வழியே பார்த்தேன். காரருகே நின்று சட்டைக் கையை மடிப்பதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். பயந்தால் அப்படித்தான். என் அம்மாவை முதன்முதலில் பார்க்க வந்த அன்றும் இதே மாதிரி செய்தாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. டிராயரைத் திறந்து சார்ஜரை எடுத்துக்கொண்டு படியில் ஓடினேன்.

"இத எடுத்துட்டுப் போ. இது இல்லன்னா சிப் எந்திரிக்காது."

அவள் பையைத் திறந்து காட்டினாள். உள்ளே அவளுடைய சார்ஜர், அழகாகச் சுற்றி வைத்திருந்தது.

"எப்பக் கண்டுபிடிச்சீங்க?"

"நேத்து மத்தியானம். நீ?"

"போன வாரம்."

"அடிப்பாவி! எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நேத்து மத்தியானமே நீங்க ஏன் சொல்லல?"

நான் கையிலிருந்த சார்ஜரின் வயரை அவிழ்த்து மறுபடி சுற்றினேன்.

"பொறாமைதாங்க" என்றாள் அவளே. "நான் எதச் செஞ்சாலும், வீட்டுக்காரர் சொல்லிக் கொடுத்தாரான்னுதான் எல்லாரும் கேக்கறாங்க. ஒண்ணே ஒண்ணாவது என்னோடதா இருக்கட்டும்னு பாத்தேன்."

அதற்குள் முதலாளி வந்துவிட்டார். நான் ஓடி வந்து சொன்னது மட்டும் அவர் காதில் விழுந்திருக்கிறது. என் கையிலிருந்த சார்ஜரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "பாத்தியாம்மா, வீட்டுக்காரர் ஓடி வந்து சொல்லிக் கொடுக்கறாரு! ஏம்ப்பா, சார்ஜர் போடணும்ங்கறது உன் ஐடியாதானே?"

அவள் என்னைப் பார்க்காமல் சட்டைக் கையை மடித்தாள். நான் தலையை ஆட்டினால் போதும்.

"இல்ல சார். இவ போன வாரமே கண்டுபிடிச்சிட்டா. எனக்கு நேத்துதான் புரிஞ்சுது" என்றேன்.

கார் கிளம்பியது. சொல்லிவிட்டேனே தவிர, வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. மேலே வந்து, என் மேசையில் சார்ஜரைச் செருகி, புது போர்டை மாட்டினேன்.

டிங்.

கேட்டாயா என்று திரும்பினேன். அவள் நாற்காலி காலியாக இருந்தது.