ஏழு நாள் கஸ்டடி

லிஃப்ட் மெக்கானிக்குக்கு அந்தக் கோர்ட்டுக் கட்டடம் அத்துப்படி. மனைவி பிரிந்துபோன ஒன்றரை வருடமாக, மகள் சிட்டு யாரிடம் வளர்வது என்ற கஸ்டடி வழக்குக்காக இரண்டாவது மாடிக்கு நடையாய் நடந்தவர். அன்று காலையோ தரைத்தளத்தில், இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவே நின்றிருந்தார்.

முந்தின நாள் சிட்டு போனில், "அப்பா, முன்பல்லு விழுந்துடுச்சு" என்றிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பார்க்கலாம் என்பது உத்தரவு, அன்று செவ்வாய். மனசு கேட்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டார். வாட்ச்மேன் கேட்டைச் சாத்த, இவர் தள்ள, அந்த மனிதர் விழுந்து மணிக்கட்டு முறிந்துபோனது.

மாஜிஸ்திரேட் ஏதேதோ வாசித்தார். மெக்கானிக்கின் காதில் விழுந்தது கடைசி மூன்று வார்த்தைகள்தான்: "ஏழு நாள் கஸ்டடி."

அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மாடியில் இத்தனை நாள் மன்றாடிக் கேட்டதும் அதைத்தானே! கைகூப்பினார்.

"ரொம்ப நன்றிங்க ஐயா. ஏழு நாளும் ஸ்கூலுக்கு நானே கூட்டிட்டுப் போயிடறேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவருடைய வக்கீலம்மா ஓடி வந்து கையைப் பிடித்தார்.

"அண்ணே, இது வேற கஸ்டடி. உங்களத்தான் உள்ள வைக்கச் சொல்லியிருக்காங்க."

"அப்ப சிட்டு?"

"அவ அவங்கம்மா கஸ்டடியில இருக்கா."

"ஐயோ, அவளையும் உள்ள வச்சுட்டாங்களா?"

"இல்லண்ணே! அவ விஷயத்துல அது வளர்க்கிற பொறுப்பு. உங்களுக்கு அடைச்சு வைக்கிறது."

"ரெண்டுக்கும் எப்படிம்மா ஒரே பேரு?"

வக்கீலம்மா வாயைத் திறந்தார். அதற்குள் வேன் வந்துவிட்டது.

ஜெயிலில் குழப்பம் இன்னும் கூடியது. தினமும் காலையில் வார்டர் தலையை எண்ணினார். "சாப்பிட்டியா?" என்றார். மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தபோது மாத்திரை கொடுத்து, விழுங்கும்வரை பக்கத்திலேயே நின்றார். இது அடைப்பா, வளர்ப்பா? மாடியில் 'என் பொண்ணு எனக்கு வேணும்' என்று மேசையைத் தட்டினாரே, அன்று அவர் கேட்டது எதை? யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது.

எட்டாம் நாள் ஜாமீன் கிடைத்தது. நேரே வாட்ச்மேன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். அந்த மனிதர் கட்டுப்போட்ட கையைக் காட்டி, "போய்யா" என்றார், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை, கோர்ட்டு மாடியில் பிள்ளைகளைப் பார்க்க விடும் அறையில் சிட்டு சற்றுத் தள்ளியே உட்கார்ந்தாள்.

"வாட்ச்மேன் தாத்தாவ ஏம்ப்பா தள்ளினே?"

"உன்னப் பார்க்கணும்னுதாம்மா."

"எனக்குப் பயமா இருந்துச்சு."

நாற்காலியை அருகே இழுக்கப் போனவர், கையை எடுத்துக்கொண்டார். மூலையில் பதிவேட்டோடு இருந்த ஊழியப் பெண் கடிகாரத்தைப் பார்த்தாள். சிட்டு எழுந்து பையை மாட்டிக்கொண்டாள்.

"அடுத்த வாரம் வருவியா?"

அவர் மகளையும் பார்த்தார், ஊழியப் பெண்ணையும் பார்த்தார். எவரிடம் கேட்பதென்று தெரியாமல், பொதுவாகக் கேட்டார்:

"வரலாங்களா?"