இடதுகைத் துண்டு

குற்றாலம் தேரடியில் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சாரலில் நனைந்து நின்றார் முத்துராமலிங்கம். விரித்தால் பெண் வீட்டார் வருவது கண்ணில் படாமல் போய்விடும் என்று பயம். சீசன் என்றாலே அவருக்கு ஆகாது. ஊர்ப்பட்ட சனம் எண்ணெய்ப் பிசுக்கும் ஈரமுமாக இடித்துக்கொண்டு போனது. காலடியில் ஷாம்பு உறை வழுக்கியது. எண்ணெய் தேய்த்துவிடட்டுமா என்று ஒருவன் தோளைத் தொட்டான். அந்த இடத்தைக் குடைத்துணியால் துடைத்துக்கொண்டார்.

மகன் இசக்கிராஜாவைப் பார்க்கப் பண்பொழியிலிருந்து வருகிறார்கள். வீட்டுக்கு வரச்சொன்னால் சொந்த ஊரான வடகரை முழுக்கத் தெரிந்துபோகும். தட்டிப்போனால் அது வேறு பேச்சாகும். சீசனில் குற்றாலத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டால், குளிக்க வந்தோம் என்று இரண்டு பக்கமும் சொல்லிக்கொள்ளலாம். இது எல்லாரும் செய்கிறதுதான். முத்துராமலிங்கம் அதற்கு மேலும் ஒன்று செய்திருந்தார். செங்கோட்டை மரமில்லில் ரம்பம் இழுத்து, மகனுக்கு இடது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் போய்விட்டன. தரகரிடம் அவர் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை. குற்றாலத்தில் எவன் கையில்தான் ஈரத்துண்டு இல்லை? சிவப்புக் கரை போட்ட புதுத்துண்டு ஒன்று வாங்கி, அருவித் தண்ணீரில் அவரே நனைத்து, மகன் கையில் சுற்றியும் விட்டார்.

"அவுக்காம நில்லு. தாலி ஏறட்டும், பொறவு அவ பாத்துக்கிடுவா" என்றார்.

 இந்தா வந்துட்டேன் என்று போனவன்தான், இன்னும் ஆளைக் காணோம்.

அண்ணன் மக்கள் இரண்டு பேர் போலீஸ், ஒருத்தன் பட்டாளம். பெற்றது ஒன்று, அதுவும் எந்த யூனிபார்ம் சட்டைக்கும் உதவாமல் போயிற்று. கொஞ்ச நாளாக, கம்ப்யூட்டர் படிக்கிறேன் என்று சாயங்காலமானால் தென்காசிக்கு பஸ் ஏறுகிறான். கம்ப்யூட்டர் படிக்கிறவன் உள்ளங்கையில் இரும்பு வாடை எப்படி வரும் என்று அவருக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அவருக்கு எதில்தான் சந்தேகம் இல்லை.

தேடிக்கொண்டு ஐந்தருவி ரோட்டில் நடந்தபோது ஒரு சத்தம் கேட்டது. கேட்டதும் நடை நின்றது. மரத்துக்குள் ரம்பம் இறங்கும்போது கீச்சென்று ஏறுமே, அதே ஏற்றம். ஆனால் ஏறிய இடத்தில் அறுந்துபோகாமல், வளைந்து, நெஞ்சு விம்மிய பொம்பளை ஒருத்தி பாடுவதுபோல இறங்கி வந்தது. கூடவே டிரம்ஸ் தடதடத்தது.

ஒரு மண்டப வாசலில் சிலுவை போட்ட பேனர் கட்டியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்க அவருக்குப் பொறுமையில்லை, படமே போதும். உள்ளே பெண்கள் கையைத் தட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே ஆடினார்கள். பெரிய மனுஷன் ஒருத்தன் கண்ணை மூடி, வாய்விட்டு அழுதுகொண்டே சிரித்தான். சீ, என்ன எழவுடா இது என்று முகத்தைச் சுளித்தார். நம்ம கோயில் கொடையிலும் சாமியாடுவார்கள்தான், ஆனால் அது சாமி. இது என்ன?

மேடையில் இசக்கிராஜா உட்கார்ந்திருந்தான். மடியில் கித்தாரைப் படுக்கப் போட்டு, இருக்கிற மூன்று விரலில் ஒரு இரும்புத்துண்டைப் பிடித்துக் கம்பிமேல் இழுத்துக்கொண்டிருந்தான். கை அம்மணமாக லைட் வெளிச்சத்தில் கிடந்தது. சிவப்புக் கரைத் துண்டைக் காணோம்.

வாசலோரம் ஸ்பீக்கர் மெஷினைத் திருகிக்கொண்டிருந்த பையன், தன் பேர் ஜோயல், ராஜா அண்ணனுக்குக் கூட்டாளி என்று சொல்லி நாற்காலி இழுத்துப் போட்டான். அவர் உட்காரவில்லை.

"எம்மவன மதம் மாத்திப்புட்டியளால?"

"விபூதி பூசிட்டுத்தான் வருதாவ, அண்ணாச்சி. வாசிக்கத்தான் வருதாவ." அவன் சிரித்தான். "மத்த கித்தாருன்னா நாலு விரலு வேணும். இதுக்கு மூணே தாராளம்."

இவன் கணக்கில் இடி விழ. எழுந்து வாடா என்று மேடைக்கே போய் மகன் காதைத் திருகலாம் என்று அடியெடுத்து வைத்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"நீங்களும் மழைக்கு ஒதுங்குனியளா அண்ணாச்சி?"

பெண்ணின் அப்பா நெல்லையப்பன். ரிட்டையர்டு ஏட்டு, மீசையில் மழைத்தண்ணீர். பக்கத்தில் மகள் அனுசியா ஈரக்கூந்தலைப் பிழிந்துகொண்டிருந்தாள். மாப்பிள்ளை எங்கே என்று கேட்டார். வருதான் என்றார் இவர்.  தரகரிடம் கொடுத்த போட்டோவில் ஸ்டுடியோக்காரன் முகத்துக்கு வெள்ளையடித்துக் கோட்டும் மாட்டியிருந்தான். அதை வைத்துக்கொண்டு பெத்த தகப்பனே மகனைக் கண்டுபிடிக்க முடியாது. தப்பித்தோம், இப்படியே இவர்களை வெளியே தள்ளிக்கொண்டு போய்விடலாம் என்று நினைத்தார்.

நெல்லையப்பன் நகரவில்லை. பாட்டு முடிகிறவரை தலையை ஆட்டிக் கேட்டார். அடுத்த பாட்டு தொடங்கியதும் கண்ணை இடுக்கி மேடையைப் பார்த்தார்.

"நல்லாத்தான் வாசிக்கான். கையப் பாத்தியளா? ஊனம். இப்படி எங்கனயாவது உக்காந்துதான் பாவம் வயித்தக் கழுவணும்." கொடையில் வில்லுப்பாட்டுக்காரருக்குச் செய்கிற பழக்கத்தில் சட்டைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து மகளிடம் நீட்டினார். "ஏட்டி, இத அந்தப் பய மடியில வச்சிட்டு வா. புண்ணியமாப் போவும்."

அனுசியா நோட்டை வாங்கிக்கொண்டு நாற்காலிகளுக்கு நடுவில் நடந்தாள். முத்துராமலிங்கத்துக்கு அந்தப் பாட்டு, அந்தக் கூட்டம், மகனின் விரல் குறைந்த கை எல்லாம் குமட்டிக்கொண்டுதான் வந்தது. ஆனால் அந்த நோட்டு அதையெல்லாம் விடப் பெரிய குமட்டலாக இருந்தது. வடகரையில் எவன் வாசலிலும் கை நீட்டாத குடும்பம்.

"நில்லு தாயி."

அவள் பாதி வழியில் திரும்பினாள்.

"அவன் எம்மவன். நீங்க பாக்க வந்த மாப்பிள்ள அவந்தான். வெரலு ரெண்டு கெடையாது. துண்டச் சுத்தி மறைக்கச் சொன்னவன் நாந்தான்." பிறகு நெல்லையப்பனின் மூஞ்சியைப் பார்த்து, "ரூவாய உள்ள வைங்க" என்றார்.

நெல்லையப்பனின் மீசைத்தண்ணீர் சட்டையில் சொட்டியது. மேடையில் இருந்தவனுக்கு இது ஒன்றும் கேட்டிருக்காது. இரும்பைக் கம்பியின் உச்சிக்கு இழுத்துக்கொண்டு போனவன் தலையைத் தூக்கினான். நடுவில் நிற்கிற பெண்ணையும், அவளுக்குப் பின்னால் நிற்கிற தன் அப்பாவையும் பார்த்தான். கையை மறைக்கவில்லை.

அனுசியா இன்னும் அங்கேயே நின்றாள். மடித்த நோட்டு அவள் விரலிடுக்கில் நனைந்துகொண்டிருந்தது. கித்தார் வழுக்காமல் இருக்க அதன் அடியில் நாலாக மடித்துப் போட்டிருந்த சிவப்புக் கரைத் துண்டிலிருந்து தண்ணீர், அவன் முழங்கால் வழியாக, ஒவ்வொரு சொட்டாக மேடைப் பலகையில் விழுந்துகொண்டிருந்தது.